அருட்பணியில் மனித வலுவின்மையும் மனச்சோர்வும்: மைசூர் மறைப்பரப்பு எல்லையும் அபே துபுவாவின் மடல்களும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ மறைப்பணி வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவோ தியாகங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. பணியாளரின் சோர்வு, ஏமாற்றம், தோல்வியுணர்வு ஆகியன அவ்வரலாற்றில் ஓரத்தில் நிற்கின்றன. தமிழகமும் கன்னட நாடும் சந்திக்கும் ஓசூர் – கிருட்டிணகிரி மேட்டுநிலத்தைத் தன் எல்லையாகக் கொண்டிருந்த மைசூர் மறைப்பரப்புக் களத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு அபே துபுவா, 1823இல் வெளியிட்ட மடல்களில் தம் பணியின் தோல்வியை வெளிப்படையாக அறிவித்தார். அம்மடல்கள் சுட்டும் வலுவின்மைகளை இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கத்தோடும், சமகால, பிற்காலப் பணியாளர் சிலரின் வாழ்வோடும் அவற்றை ஒப்பிடுகிறது. துபுவாவின் சோர்வு அவர் கைக்கொண்ட அளவுகோலிலிருந்து பிறந்தது என்பதும், அவ்வளவுகோல் உள்நாட்டுப் பணியாளரைக் கணக்கில் கொள்ளாமற் போயிற்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அபே துபுவா, மைசூர் மறைப்பரப்பு, பாராமகால், வேதியர் ஒழுக்கம், உபதேசியார், மனச்சோர்வு.

முன்னுரை

இறைப்பணிக்கு அழைக்கப்பட்டவர் சோர்ந்து விழுவது விவிலிய மரபிற்குப் புதிதன்று. இறைவாக்கினர் எலியா பாலைநிலத்துச் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டுகிறார். எரேமியா தாம் பிறந்த நாளையே பழிக்கிறார். தூய பவுல் தம்மையும் தம் உடன்பணியாளரையும் மண்பாண்டங்களாகக் காண்கிறார். நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைநிலத் துறவியரிடையே வாழ்ந்த எவாகிரியுசு, பணியிலும் மன்றாட்டிலும் தோன்றும் சலிப்பைத் துறவியின் கொடிய சோதனைகளுள் ஒன்றாக எண்ணினார். 2013இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரை, அருட்பணியாளருக்கு நேரும் சோதனைகளுக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கியுள்ளது. தமிழ் அறமரபும் இதனை அறியும். திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்கள் அண்மை அண்மையாக வைக்கப்பட்டிருப்பது, முயற்சியும் சோர்வும் ஒரே வாழ்வின் இரு பக்கங்கள் என்னும் தெளிவைக் காட்டுகிறது.

ஆயினும் தமிழகக் கிறித்தவ ஆய்வுகள் பணியாளரின் மொழிப்பணி, அச்சுப்பணி, கல்விப்பணி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்த அளவுக்கு அவர்தம் தோல்வியுணர்வை ஆராயவில்லை. இவ்விடைவெளி ஒரு நடைமுறைச் சிக்கலையும் உண்டாக்கியுள்ளது. சோர்வின் பிடியில் எழுதப்பட்ட பனுவல்கள், அவை விவரிக்கும் மக்களைப் பற்றிய புறவயச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. துபுவாவின் மடல்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பணியைக் குறிக்கும் சொற்கள்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் இப்பணியைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். கத்தோலிக்கர் திருப்பணி, மறைப்பணி, அருட்பணி என்பர். சீர்திருத்தச் சபையாரிடம் ஊழியம் என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. ஊழியம் என்பது தொண்டு என்னும் பொதுப்பொருளோடு, திருவிதாங்கூர் ஆட்சிமுறையில் ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட கூலியற்ற கட்டாய வேலையையும் குறித்தது. அதே நிலப்பகுதியில் கட்டாய ஊழியத்திலிருந்து விடுதலை வேண்டியவர்கள் இறைவனுக்குச் செய்யும் பணியையும் அதே சொல்லால் வழங்கினர் என்பது எண்ணத்தக்கது. விரும்பி ஏற்ற சுமை, தள்ள இயலாத சுமை என்னும் இருபொருளும் அச்சொல்லில் கலந்து நிற்கின்றன.

வேதியர் என்னும் சொல் அந்தணரைக் குறிப்பது தொன்மரபு. வீரமாமுனிவர் அதனைக் கிறித்தவ மறையைக் கற்பிக்கும் இல்லறத்து ஆசிரியருக்கு, அதாவது உபதேசியாருக்கு, வழங்கினார். குரு என்னும் சொல் திருநிலைப்பாடு பெற்றவருக்கு உரியதாயிற்று. பணியின் சுமையைக் குருவும் வேதியரும் பகிர்ந்து கொண்டனர். ஆயினும் ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்ட அறிக்கைகளில் முன்னவர் பெயரே பெரிதும் விளங்கிற்று. இவ்வேறுபாடு பின்னர்க் காணும் வாதத்திற்கு அடிப்படையாகிறது.

எல்லை நிலமும் அதன் மக்களும்

இன்றைய கிருட்டிணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் கிழக்குப்பகுதி பழைய பாராமகாலையும், ஓசூரை உள்ளிட்ட மேற்குப்பகுதி மேட்டுநிலமாகிய பாலகாட்டையும் சார்ந்தவை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் இங்கு வழங்குகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிச் சேலம், சேந்தமங்கலம் வரை பணியை விரித்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபைக் குரு லெயொனார்தோ சின்னமி மைசூர் மறைப்பரப்பைத் தொடங்கினார். தமிழ் பேசும் ஊர்களும் கன்னடம் பேசும் ஊர்களும் அப்பரப்பில் அடங்கின.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலம் நான்கு மைசூர்ப் போர்களின் வழித்தடமாயிற்று. 1767இல் தொடங்கிய முதற்போரிலேயே கிருட்டிணகிரியும் ஓசூரும் படைநடமாட்டத்திற்கு உள்ளாயின. 1791இல் காரன்வாலிசின் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றியது. 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமானது. ஓசூர்ப் பகுதியோ மைசூர் ஆட்சியில் நீடித்து, 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னரே கும்பினியின் கைக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள் குடிகள் பலமுறை ஆட்சி மாற்றத்தைக் கண்டனர். எந்த ஆட்சிக்கு வரி செலுத்துவது, எந்தப் படைக்கு அஞ்சி எவ்வூருக்கு ஓடுவது என்பனவே அவர்களின் அன்றாட வினாக்களாயின. கிறித்தவக் குடிகளும் இதற்கு விலக்கல்லர்.

சபையின் உள்நிலையும் நலிந்திருந்தது. மலபார்ச் சடங்குகள் குறித்த பூசல் 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் பிறப்பித்த ஆணையால் முற்றி, 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டின் முடிவோடு அடங்கிற்று. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதன் களங்களைப் பாரிசு வெளிநாட்டு மறைப்பரப்புச் சபை ஏற்றுக்கொண்ட சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. புதிய குருக்களின் வருகை ஏறத்தாழ நின்றது. துபுவா இத்தகைய களத்திற்கு வந்து சேர்ந்தவர்.

துபுவாவின் பணி

பிரான்சின் விவரே பகுதியில் பிறந்த ழான் அந்துவான் துபுவா, 1792இல் குருநிலை பெற்று அவ்வாண்டிலேயே இந்தியாவிற்குப் புறப்பட்டார். இந்திய உடையும் உணவும் பழக்கவழக்கமும் ஏற்று மக்களோடு மக்களாக வாழ்ந்தார். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின், திப்புவின் ஆட்சியில் கட்டாயத்தால் சமயம் மாறியிருந்த கிறித்தவர்களை மீண்டும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர்களைத் திரும்பச் சபையில் சேர்த்துக்கொண்டார். ஆசன் அருகிலுள்ள சத்தல்லியில் வேளாண் குடியிருப்பை ஏற்படுத்தினார். அம்மைக்கொள்ளை பரவிய 1803–1804ஆம் ஆண்டுகளில் அம்மைகுத்தும் முறையைப் பரப்பினார். அவரும் அவர்தம் உதவியாளரும் சேர்ந்து 25,000க்கும் மேற்பட்டோர்க்கு அம்மை குத்தினர்.

இந்திய மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் அளித்த கையெழுத்துப்படியைக் கும்பினி அரசு 1807இல் 2,000 வராகனுக்கு விலைக்கு வாங்கியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1816–1817இலும், திருத்திய பிரெஞ்சுப் பதிப்பு 1825இலும் வெளிவந்தன. 1823 சனவரியில் இந்தியாவை விட்டுச் சென்ற துபுவா மீண்டும் வரவில்லை. பாரிசில் தம் சபையின் குருமடத்தில் பணியாற்றி, 1836 முதல் 1839 வரை அதன் தலைவராகவும் விளங்கி, 1848இல் மறைந்தார். இந்தியாவை நீங்கிய ஆண்டிலேயே இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை குறித்த அவருடைய மடல்கள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. இந்துக்களை மதம் மாற்றுதல் இயலாது என்னும் முடிவு அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

மடல்கள் காட்டும் மூவகை வலுவின்மை

மடல்களின் வாதத்தை ஆராயுங்கால், துபுவா மூன்று இடங்களில் வலுவின்மையைக் காண்பது புலனாகிறது.

முதலாவது, மந்தையின் வலுவின்மை. 1784இல் திப்பு கிறித்தவர்களைச் சிறைப்பிடித்துச் சீரங்கப்பட்டினத்திற்குக் கொண்டுசென்ற நிகழ்வை அவர் நினைவுகூர்கிறார். அவர்தம் தொகை 60,000 என்பது அவர் தரும் கணக்கு. பிற கணக்குகள் வேறுபடுகின்றன. அத்தனை பேருள் ஒருவரும் தம் நம்பிக்கைக்காக உயிர்விடத் துணியவில்லை என்பது அவருடைய நெஞ்சைச் சுட்டது. அவ்விடத்தில் அவர் நடை வரலாற்று நடையிலிருந்து விலகிப் புலம்பல் நடையாக மாறுகிறது. தம் பணிக்காலம் முழுவதிலும், உள்நாட்டுக் குரு ஒருவரின் துணையோடு, தாம் சபையில் சேர்த்தவர் 200 முதல் 300 பேர் வரையே எனவும், அவருள்ளும் பெரும்பாலோர் வறுமையாலும் பிற தேவையாலும் வந்தவர் எனவும் அவர் எழுதுகிறார். தூய உள்ளத்தோடு வந்தவராக ஒருவரையும் அவரால் உறுதியாகக் கூற இயலவில்லை.

இரண்டாவது, பணியமைப்பின் வலுவின்மை. நொபிலியின் காலத்தைப் பொற்காலமாகக் கொள்ளும் துபுவா, அதன்பின் நேர்ந்த சரிவுக்குச் சடங்குப் பூசலையும், இயேசு சபையின் கலைப்பையும், போர்களையும் காரணமாக்குகிறார். ஐரோப்பியர் பெருகியதும் அவர்தம் ஒழுக்கக்கேடுகள் மக்கள் கண்முன் நிகழ்ந்தன. குருமார் அதே பரங்கியரின் இனத்தவர் என்பதும் வெளிப்பட்டது. மறையின் மதிப்பு அதனோடு வீழ்ந்தது என்பது அவர் கருத்து. விவிலியத்தை மொழிபெயர்த்துப் பரப்பினால் மக்கள் மாறுவர் என்னும் சீர்திருத்தச் சபையாரின் நம்பிக்கையையும் அவர் மறுக்கிறார். பிழை மலிந்த நடையில் அமைந்த மொழிபெயர்ப்புகள் கற்றோரின் நகைப்புக்கே இடமாகும் என்பது அவருடைய வாதம். தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் இக்கருத்தைப் பொருட்படுத்த வேண்டும். சமய உண்மை மொழியின் தரத்தால் தாழவும் உயரவும் கூடும் என்பதை அவர் களத்தில் கண்டுணர்ந்திருந்தார்.

மூன்றாவது, தம் வலுவின்மை. இதனை அவர் நேராகக் கூறும் இடங்கள் குறைவு. மக்களின் வாழ்முறையை முழுமையாக ஏற்றும் பயன் விளையவில்லை என்று அவர் எழுதும்போது, அக்கூற்று மக்கள்மீது சுமத்தும் குற்றச்சாட்டாகவும் தம்மைப் பற்றிய ஒப்புதலாகவும் ஒருங்கே ஒலிக்கிறது. கடவுளே இம்மக்களைக் கைவிட்டாரோ என்னும் எல்லைவரை அவர் எண்ணம் செல்கிறது. தன் தோல்விக்கு விளக்கம் காண முடியாத பணியாளர், அவ்விளக்கத்தை இறைத்திட்டத்தின் மேல் ஏற்றுதல் சோர்வின் இறுதி நிலை எனலாம்.

மடல்களின் உள்முரண்கள்

மடல்களை மக்களைப் பற்றிய தீர்ப்பாக மட்டும் கொள்வதற்கு மடல்களே இடந்தரவில்லை. மூன்று செய்திகள் இங்குக் கருதத்தக்கன.

ஒன்று, அவர் முடிவு நிபந்தனைகளோடு கூடியது. அன்றைய சூழ்நிலையில், மனித முயற்சியால் இயலாது என்பதே அவர் கூற்று. சூழ்நிலை என்பதும் மனித முயற்சி என்பதும் வாதத்தின் எல்லைகளை வரையறுக்கும் சொற்கள். பிற்கால மேற்கோளாளர் பலர் இவ்விரு வரையறைகளையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இரண்டு, அதே நூலின் இறுதிப்பகுதி, இந்து ஆடவரையும் மகளிரையும் இழித்து எழுதிய சீர்திருத்தச் சபைக் குரு ஒருவருக்கு மறுப்பாக, அம்மக்களின் நற்பண்புகளை எடுத்துக்காட்டும் தற்காப்புரையாக அமைந்துள்ளது. மதம் மாறார் எனத் தாம் கைவிட்ட மக்களையே பிறர் பழிக்கும்போது துபுவா காத்து நிற்கிறார். அவருடைய சோர்வு வெறுப்பாகத் திரியவில்லை என்பதற்கு இது சான்று. எதிர்பார்த்த ஒரு பயன் கிடைக்காதபோதும் மக்களோடு கொண்ட உறவு அறவில்லை.

மூன்று, அம்மைகுத்தல் பெற்ற ஆயிரக்கணக்கானோரும் நிலம் பெற்றுக் குடியேறியோரும் மதம் மாறியோர் தொகையில் சேரார். மக்கள் வாழ்வியல் குறித்து அவர் தொகுத்த நூல் நூற்றாண்டுக்கு மேல் படிக்கப்பட்டது. அந்நூலின் பெரும்பகுதி அவருக்கு முந்திய இயேசு சபைக் குரு கேர்தூவின் கையெழுத்துப்படியைத் தழுவியது என்பதை சில்வியா மூர் 1987இல் நிறுவினார். முன்னவர் உழைப்பைப் பெயர் சுட்டாமல் தமதாக்கியது அக்காலத்துத் தொகுப்பு மரபோடு பொருந்துவதாயினும், துபுவாவின் எழுத்தில் உடன்பணியாளர் பெயர் மறையும் போக்கை அது உறுதிப்படுத்துகிறது. துணை நின்ற உள்நாட்டுக் குருவும் மதம் மாறியோர் கணக்கைச் சொல்லும் அவ்விடத்தில் பெயரின்றியே குறிக்கப்படுகிறார். ஊர்தோறும் மன்றாட்டு நடத்தி, இறப்போர்க்குத் திருமுழுக்களித்துச் சபையைக் காத்த உபதேசியார்களின் உழைப்பும் அக்கணக்கில் அடங்கவில்லை.

போர்க்கால எல்லை நிலத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், மந்தையின் வலுவின்மை என்று துபுவா சுட்டியதும் வேறாகத் தோன்றும். சிறைப்பட்டவர் உயிர் பிழைக்கப் பணிந்தனர். ஆட்சி மாறியதும் அவர்களுட் பலர் தாமாகவே மீண்டு வந்தனர். அவர்களை ஏற்றுக்கொண்டவரும் துபுவாவே. சாவுக்குத் துணியாமையை மட்டும் எண்ணும் அளவுகோல் இம்மீட்சியை எண்ணவில்லை. சாட்சியாக இறத்தலே நம்பிக்கையின் ஒரே உறுதி என்று கொண்டால், அஞ்சியும் ஒளிந்தும் நீடித்த நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகும்.

வேதியர் ஒழுக்கம்: மற்றொரு நோக்கு

துபுவாவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர்த் தமிழில் எழுதப்பட்ட வேதியர் ஒழுக்கம் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. வீரமாமுனிவர் (1680–1747) உபதேசியார்களுக்காக இயற்றிய உரைநடை நூல் இது. ஒரு குருவின் பொறுப்பில் பரந்த நிலப்பகுதியும் பல ஊர்களும் அடங்கிய காலத்தில், குரு ஓர் ஊருக்குச் சென்று மீண்டும் வருவதற்கு நெடுநாள் ஆகும். இடைக்காலத்தில் சபை வேதியர் கையில் இருந்தது. எனவே அவர்தம் தளர்ச்சி சபையின் தளர்ச்சியாகும் என்பதை வீரமாமுனிவர் நன்கறிந்திருந்தார்.

வலுவின்மையைத் தேடும் திசையில் இந்நூல் மடல்களிலிருந்து வேறுபடுகிறது. மடல்கள் பயன் விளையாமைக்குக் காரணத்தைப் பெரிதும் கேட்போரிடம் காண்கின்றன. வேதியர் ஒழுக்கம் போதிப்பவரிடமிருந்து தொடங்குகிறது. கற்பிப்பவர் கற்பிப்பதைத் தாமே கைக்கொள்ள வேண்டும், தம் உள்ளத்தைப் பேணாதவர் பிறர் உள்ளத்தைப் பேண இயலாது என்பன அதன் அடிப்படைகள். வலுவின்மை அங்கு ஒரு தீர்ப்பாகவன்றிப் பயிற்சிக்குரிய பொருளாக வைக்கப்படுகிறது. ஒழுக்கம் என்னும் தலைப்புச் சொல்லே, இயல்பாக அமையாததைத் தொடர்ந்த பழக்கத்தால் அமைத்துக்கொள்ளலாம் என்னும் தமிழ் அறநூல் நோக்கைக் கொண்டது. நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் வேறுபாட்டை விளக்கும். துபுவா ஐரோப்பிய வாசகர்க்கு எழுதினார். அங்கு மக்கள் பேசுபொருளாயினர். வீரமாமுனிவர் அம்மக்களுள் ஒருவரான வேதியர்க்கு எழுதினார்; அங்கு அவர் முன்னிலையாயினார்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடரோடு அலையும் குருவின் அறியாமை அதில் நகைப்புக்கு உள்ளாகிறது. குருவும் சீடரும் ஒருவர் வலுவின்மையை ஒருவர் பெருக்கிக்கொள்ளும் நிலையை அக்கதை சித்திரிக்கிறது. மடல்கள் வெளிவந்த மூன்றாண்டுகளில், 1826இல், துபுவா பஞ்சதந்திரத்தோடு பரமார்த்த குரு கதைகளையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தோல்வியைப் புலம்பலாக எழுதியவர், குருத்துவத்தின் பேதைமையை நகைச்சுவையாகக் கூறும் தமிழ்க் கதையைத் தம் நாட்டாருக்கு அறிமுகம் செய்தார்.

மறுப்பாளரும் உடன்நிகழ்ந்த சோர்வுகளும்

மடல்களுக்கு 1824இலேயே மறுப்புகள் எழுந்தன. வங்காளத்தில் பணியாற்றிய என்றி டவுன்லியும், 1816 முதல் பாளையங்கோட்டையில் படைக்குருவாக இருந்து திருநெல்வேலிப் பணிக்கு வழிகோலிய ஜேம்சு ஹௌவும் தனித்தனி நூல்கள் வரைந்தனர். விவிலியத்தை மக்கள் கையில் கொடாமையே தோல்விக்குக் காரணம் என்பது ஹௌ போன்றோரின் நிலைப்பாடு. முறை தவறியதால் பயன் விளையவில்லை. முறையைத் திருத்தினால் எண்ணிக்கை பெருகும் என்பது அதன் உட்கிடை. இவ்வகையில் மறுப்பாளரும் துபுவாவும் ஒரே அளவுகோலையே பயன்படுத்தினர். மதம் மாறியோர் தொகை ஒருவருக்கு ஏமாற்றத்தையும் மற்றவருக்கு நம்பிக்கையையும் அளித்தது.

எண்ணிக்கை பெருகிய இடத்திலும் சோர்வு நீங்கவில்லை என்பதற்கு இரிங்கல்தௌபே சான்றாவார். இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த இச்செருமானியர் 1804இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1806இல் தென்திருவிதாங்கூர் சென்றார். மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுப்பினார். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தபோதும், தலைவரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் விடுபடும் எதிர்பார்ப்பே பலரை ஈர்க்கிறது என்னும் ஐயம் அவரை வருத்திற்று. உடல்நலம் குன்றி 1816இல் களத்தை விட்டுச் சென்ற அவருடைய முடிவு இன்றும் தெளிவாகவில்லை. ஆயினும் செல்லுமுன் சபையை மகாராசன் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அவரைக் களத்திற்கு வரச் செய்தவரும் மயிலாடியைச் சேர்ந்த அவ்வேதமாணிக்கமே. குருவின் சோர்வுக்குப் பின்னும் சபை தொடர்ந்ததற்கு உள்நாட்டுப் பணியாளரே காரணம் என்பது இங்குப் பெயரோடு பதிவாகியுள்ளது.

துபுவாவின் சபையிலேயே அடுத்த தலைமுறை வேறொரு பாடத்தைக் கற்றது. ஆயர் பொன்னான் தலைமையில் 1844இல் கூடிய புதுச்சேரி மாமன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் முதன்மைப்படுத்தியது. அம்மாமன்றத்தின் நோக்கைத் தீவிரமாக ஏற்றவர் மரியோன் தெ பிரெசியாக். மைசூர்க் களத்திற்குத் தெற்கே அமைந்த கோயம்புத்தூர்க் களத்தின் பொறுப்பை ஏற்ற அவர், சாதிச் சடங்குகள் பற்றிய மனச்சான்றுச் சிக்கலாலும், உள்நாட்டுக் குருக்களுக்கு உரிய இடம் அளிப்பதில் உடன்பணியாளரோடு எழுந்த கருத்து வேறுபாட்டாலும் மனமுடைந்தார். 1855இல் அவர் பதவி துறப்பு ஏற்கப்பட்டது. மறு ஆண்டில் ஆப்பிரிக்க மறைப்பரப்புச் சபையை நிறுவி, 1859இல் சியேரா லியோனில் கொள்ளைநோயால் இறந்தார்.

துபுவா, பிரெசியாக் ஆகிய இருவரும் சோர்ந்து இந்தியாவை நீங்கியவர்களே. ஒருவருடைய சோர்வு மக்கள் மாறாததால் விளைந்தது. மற்றவருடைய சோர்வு பணியமைப்பு மாறாததால் விளைந்தது. முன்னவர் பெயர் சுட்டாது விட்ட உள்நாட்டுக் குருவை, பின்னவர் பணியின் எதிர்காலமாகக் கண்டார். சோர்வு அனைவர்க்கும் பொது. அது எதனைக் காணச் செய்கிறது, எதனை மறைக்கிறது என்பதே ஆய்வுக்குரிய வேறுபாடு.

இன்றைய தொழில் எல்லை

துபுவா கைவிட்ட கணக்கோடு கிறித்தவம் இந்நிலத்தில் முடிந்துவிடவில்லை. சேலம் மறைமாவட்டம் 1930இலும், கிருட்டிணகிரிப் பகுதியை உள்ளடக்கிய தருமபுரி மறைமாவட்டம் 1997இலும் நிறுவப்பட்டன. மத்திகிரி, எலத்தகிரி, கோவிலூர் முதலிய ஊர்களில் கத்தோலிக்கக் குடிகள் வாழ்கின்றனர். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தபின் ஓசூர் வேறொரு குடிப்பெயர்வைக் கண்டது. அசோக் லேலண்டு, டி.வி.எசு., டைட்டன் முதலிய ஆலைகளும் அவற்றைச் சார்ந்த சிறுதொழிற்கூடங்களும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளரை ஈர்த்தன.

படைகளின் வரவால் இடம்பெயர்ந்த குடிகளின் நிலத்தில், இன்று வேலையின் பொருட்டு இடம்பெயர்ந்தோர் வாழ்கின்றனர். முறைவேலை செய்வோரின் ஓய்வுநாள் ஞாயிறாகவே அமையும் என்பதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் குடும்பம் வேறிடம் செல்லும். ஓராண்டு கற்பித்த சிறுவரை மறு ஆண்டு காணாத நிலையும், ஒரு வழிபாட்டிற்குப் பல மொழிகள் தேவைப்படும் நிலையும் இத்தகைய களத்தின் இயல்புகள். நிலைத்த ஊரையும் நிலைத்த பங்கையும் அடிப்படையாகக் கொண்ட அளவுகோல் இங்குப் பயன்படாது. அதனைக் கொண்டு அளக்கும் பணியாளர் தம்மையோ மக்களையோ குறைகூறும் நிலைக்கு எளிதில் ஆளாவார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய மடல்கள் இக்களத்திற்குப் பொருளுடையனவாவது இவ்விடத்திலேயே ஆகும்.

முடிவுரை

துபுவாவின் மடல்கள் நேர்மையான பனுவல். தம் பணி தோற்றது என்று அச்சில் அறிவிக்கும் துணிவு மறைப்பரப்பு இலக்கியத்தில் அரிது. அந்நேர்மையை மதிப்பது, அவருடைய முடிவை அவ்வாறே ஏற்பதாகாது. அவருடைய சோர்வு களத்தின் உண்மையோடு, அவர் கொண்ட அளவுகோலையும் வெளிப்படுத்துகிறது. மனமாற்றத்தின் தூய்மையையும் தொகையையும் மட்டும் அளந்த அவ்வளவுகோல், பணிந்து பிழைத்து மீண்டு வந்தவரையும், அம்மை குத்தப் பெற்றவரையும், துணை நின்ற உள்நாட்டுக் குருவையும் உபதேசியாரையும் அளக்கவில்லை.

வேதியர் ஒழுக்கம் அவ்விடுபட்ட பணியாளரையே முன்னிலைப்படுத்தி, வலுவின்மையைப் பழகித் திருத்தத்தக்கதாகக் கொண்டது. ஆதலின் பணியாளரின் சோர்வைக் கூறும் ஐரோப்பியப் பனுவல்களை ஆராயும்போது, சமகாலத்தும் முற்காலத்தும் தமிழில் எழுந்த பணிநூல்களை உடன்வைத்துப் படித்தல் இன்றியமையாதது. உபதேசியார்களைப் பற்றிய பங்குப் பதிவேடுகள், தமிழ்க் கையெழுத்துப்படிகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை எல்லை மாவட்டங்களில் தொகுப்பது அடுத்த கட்ட ஆய்வாக அமையலாம். அத்தொகுப்பு, துபுவா பெயர் சுட்டாது விட்டவர்களின் பணியை அவர்களுடைய மொழியிலேயே அறிய வழிவகுக்கும்.